பத்தாவது கை

நீண்டகரையில் ஐஸ் போட்டு ஏற்றிய வண்டி
கோட்டைவாசலில் நிற்கிறது.
மேலே எங்கேயோ ஒரு மரம் சாய்ந்து
மண்ணையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாம்.
முன்னால் நாற்பது லாரி. பின்னால் எண்ணவில்லை.
மாசானம் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு
"விடிஞ்சாத்தான் ஜேசிபி வருமாம்ணே" என்றான்.
ஈரக் கைலியோடு படுத்தவன்
குறட்டைக்குப் போய்விட்டான்.

கேபின் விளக்கைப் போட்டேன்.
டேஷ்போர்டில் பர்மிட்டுக்கு அடியில் ஊசி,
இரண்டரை எம்எம், புனலூர் ஃபேன்சி கடையில் வாங்கியது.
"பார்யக்காணோ?" என்று கேட்டாள் கடைக்காரி.
தலையை ஆட்டிவைத்தேன்.

போன வாரம் ஸல்வா
கணக்கு நோட்டில் ஒரு மலை வரைந்திருந்தாள்.
மலைக்குப் பத்துக் கை. அதில் இரண்டு மட்டும் நீளம்.
உச்சியில் மேகம். அடிவாரத்தில் கண்.
"வாப்பா கணவாயத் தாண்டிக்
கணவாய் கொண்டு வாராங்கன்னு
உம்மாதானே சொன்னா."
யாரும் அவளைத் திருத்தவில்லை.
அதற்குப் பிறகு எனக்கும்
இந்த வளைவுகளில் கியர் இறக்கும்போது
எதனுடைய கைமேலோ ஏறுவது போலத்தான் இருக்கிறது.

ஆறு கண்ணி. வளையத்தைச் சுருக்கு.
அடுத்த சுற்று ஒன்பது. அதற்கடுத்து பன்னிரண்டு.
வீடியோவில் ஒருத்தி. முகம் கிடையாது, பேச்சு கிடையாது,
நகப்பூச்சு உரிந்த இரண்டு கை மட்டும்.
அவள் இழுப்பதை நான் இழுக்கிறேன்.
ஸ்டியரிங் காய்த்துப்போன விரலில்
பச்சை நூல் பிசிறு பிசிறாய் மாட்டுகிறது.
பத்தொன்பதாம் சுற்றில் சிக்னல் போயிற்று.
சுற்றிக்கொண்டிருந்தது வட்டம், அவள் கைக்குமேல்.
மீதியை மனப்பாடமாகப் போட்டேன்.

பஞ்சு வாங்க மறந்திருந்தேன்.
சீட்டில் ஏற்கெனவே ஒரு கிழிசல் உண்டு,
அதற்குள் விரலை விட்டு ஃபோமைப் பிய்த்துத் திணித்தேன்.
டீசல் வாடை. இருக்கட்டும், என் வாடைதான் அது.
கழுதுருட்டிப் பாலத்துக்குப் பதிமூன்று கண்.
இதற்கு இரண்டு போதும்:
காக்கிச் சட்டையின் மேல்பொத்தான்கள் போயின.

பின்னால் பெட்டிகளிலிருந்து ஐஸ் சொட்டுகிறது.
மழைச் சத்தத்துக்குள்ளே அது தனியாகக் கேட்கிறது.
ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று
முதலாளி பிடிப்பார்.
இப்போது எண்ணினால் கண்ணி தப்பிவிடும்.

கண்ணாடியை டார்ச் தட்டியது.
மழைக்கோட்டில் ஆரியங்காவு போலீஸ்.
"எந்தா லோடு?"
"கூந்தல், சார்."
அந்தப் பக்கத்தில் அதற்கு அப்படித்தான் பெயர்.
வெளிச்சம் என் மடியில் இறங்கியது.
"இதோ?"
"இதும் கூந்தல்தான்."
அவர் சிரிக்கவில்லை.
ஜன்னல் வழியே கையை நீட்டி வாங்கி
ஒவ்வொரு சுருளாக நீவிப் பார்த்தார்.
மழைக்கோட்டு நுனியிலிருந்து என் சீட்டில் தண்ணீர்.
"காலு எத்ர வேணம்?"
"பத்து."
"ஒம்பதே உள்ளல்லோ."
திருப்பித் தந்துவிட்டு
அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

நான் எண்ணினேன். ஒன்பதுதான்.
நூலும் தீர்ந்திருந்தது.
தார்ப்பாய் கட்டிய ஆரஞ்சுக் கயிற்றின் நுனியைப்
பிரி பிரியாகப் பிரித்தேன்.
நைலான், ஊசியில் நிற்காமல் வழுக்கியது.
அவிழ்த்தேன், போட்டேன், அவிழ்த்தேன்.
நீளக் கைகளில் ஒன்று அப்படித்தான் அமைந்தது,
முரடாக, மற்றதைவிட ஒரு சாண் கூடுதலாக.

ஜேசிபி ஆறரைக்கு வந்தது.
எஸ் வளைவில் இறங்கும்போது
கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தேன்.
நான் திருப்புமுன்னே
ஆரஞ்சுக் கை திரும்பியது.

புளியரையில் தடுப்பு.
நம்ம ஆள்தான், தூக்கக் கண்.
"என்ன லோடு?"
"கணவாய்."
"அதத் தாண்டித்தானவே வாரீரு.
லோடு என்னன்னு கேட்டேன்."