சாம்பல் சட்டை நானூற்றுப் பன்னிரண்டு

பெர்னிக் நகரத்துப் பழைய உருக்காலையை
ஆறு வாரம் எதிர்காலமாக வாடகைக்கு எடுத்தார்கள்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது:
இடம், எதிர்காலம். கழிப்பறை, பின்பக்கம்.

எனக்கு உடைப் பிரிவில் வேலை.
சாம்பல் சட்டை நானூற்றுப் பன்னிரண்டு,
கறுப்புக் கையுறை அறுபது ஜோடி,
சிவப்புக் கழுத்துத்துணி ஒன்றே ஒன்று.
அது நாயகிக்கு.
சிவப்பு கட்டியவள் சாகமாட்டாள் என்று
முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

முகத்தைப் பார்த்துப் பிரித்தோம்.
தாடை அகன்றிருந்தால் காவலன்.
மூக்குக்கண்ணாடி என்றால் மனம் மாறும் விஞ்ஞானி,
எழுபதாவது நிமிடத்தில் சுடப்படுவார்.
பல்வரிசை நன்றாக இருந்தால் அதிகாரி,
அவர் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
மிச்சமெல்லாம் மக்கள்.
மக்களுக்கு எண் மட்டும்.

காட்டிக்கொடுப்பவன் வேடத்துக்கு
ஒல்லியாய், கண் இடுங்கிய ஆள் கேட்டார் இயக்குநர்.
மெத்தோதி கிடைத்தார், பஸ் ஓட்டுகிறவர்.
வசனம் கிடையாது,
கதவிடுக்கில் நின்று பார்த்தால் போதும்,
நாற்பது லெவா கூடுதல்.
பார்த்தார். அச்சு அசல் என்றார்கள்.
அன்று மதியம் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.
விளையாட்டுக்குத்தான்.
ஆனாலும் மெத்தோதி
சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். என்னத்தைச் சொல்ல?
எங்கள் கட்டடத்து நான்காம் மாடியில்
ஸ்னெஜாங்கா இருந்தாள்.
உப்பிய கன்னம், எப்போதும் மாவு படிந்த கை.
சர்க்கரை கடன் கேட்டால் கிண்ணம் குவியத் தருவாள்.
என் தம்பி இருமினால்
லிண்டன் பூக் கஷாயத்தோடு படியேறி வருவாள்.
கோப்புகளைத் திறந்துவிட்ட வருஷம்
அப்பா தன்னுடையதை வாசித்துவிட்டு வந்து
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.
ராத்திரி எந்த வானொலி, எத்தனை மணிக்கு,
யார் வந்தார்கள், பையனின் இருமல் எந்தத் தேதியில் நின்றது,
எல்லாம் இருந்ததாம்.
அம்மாவுக்கு ஆப்பிள் கேக் செய்முறை எழுதித் தந்த
அதே உருண்டைக் கையெழுத்தில்.

அந்த முகத்துக்கு
எங்கள் பெட்டிகளில் உடை இல்லை.

கடைசி வாரம் புரட்சி.
சைரன் நிற்கும், நாயகி பாலத்தில் தோன்றுவாள்,
மக்கள் சாம்பல் சட்டையைக் கிழித்துக் கழற்றி
வானத்தில் எறிவார்கள்.
அதுதான் படத்தின் செய்தி என்று
உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் விளக்கினார்.
பிப்ரவரி மாதம். உள்பனியனோடு நானூறு பேர்.
பதினோரு டேக்.
ஒவ்வொரு விடுதலைக்குப் பிறகும்
நான் சேற்றிலிருந்து சட்டைகளைப் பொறுக்கி
எண் பார்த்துக் கொடுத்தேன்.
எறியும்போது கத்தினவர்கள்
திரும்ப வாங்கும்போது
யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள்.

பன்னிரண்டாவதற்கு முன்னால் இருட்டிவிட்டது.
கூடுதல் நேரத்துக்குக் காசு இல்லை என்று
தயாரிப்பு மேலாளர் சொன்னார், நல்ல பல்வரிசை அவருக்கு.
கூட்டம் காலை மாற்றி மாற்றி நின்றது.
மெத்தோதிதான் முதலில்
சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார்.
"காசு வரட்டும், அப்புறம் கழற்றுகிறேன்."
பக்கத்தில் இருந்த பெண்ணும் போட்டாள்.
அப்புறம் காவலர்கள், கையுறையை உருவிவிட்டு,
மக்களின் சட்டையைக் கேட்டு வாங்கினார்கள்.
என்னிடம் உபரியாக ஒன்பதுதான் இருந்தது.
ஒன்றை நான் போட்டுக்கொண்டேன், கை நீளம் அதிகம்.

கேமரா ஓடவில்லை.
லென்ஸில் பனி படியாமல் இருக்க மூடி போட்டிருந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் உறைகள் வந்தன.
பன்னிரண்டாவது டேக்கில் எல்லோரும் ஒழுங்காக எறிந்தோம்.
முகங்களில் கோபம் போதவில்லை என்று
நான்காவதையே வைத்துக்கொண்டாராம்.

சோஃபியாவில் டிக்கெட் எடுத்துப் பார்த்தேன்.
மெத்தோதி இரண்டு வினாடி வருகிறார்,
கதவிடுக்கில், பச்சை வெளிச்சத்தில்.
பின்வரிசையில் ஒருவன் பாப்கார்னை மென்றபடி
தோழியிடம் சொன்னான்:
"இவன்தான். மூஞ்சியைப் பார்த்ததுமே தெரியும்."