அரை மில்லிமீற்றர்

ஊர்காவற்றுறை இறங்குதுறை. காலை ஆறேகால்.
பதினான்கு பேருக்குப் பதினாறு உயிர்காப்பு அங்கிகள்,
எல்லாம் தோடம்பழ நிறம்.
எனக்கு வந்ததில் கொளுக்கி இல்லை.
"பிடிச்சுக்கொண்டு இருங்கோ ஐயா" என்றான் யூஜின்.
அங்கியையா படகையா என்று சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம்
நில அளவைக் கந்தோரில்
இந்தக் கரையை வரைந்தவன் நான்.
கண்ணாடி மேசை, அடியில் விளக்கு,
அரை மில்லிமீற்றர் பேனையில் நீல மை.
கடலுக்குள் வருவது இன்றுதான் முதல்.
பக்கத்தில் இருந்தவர் கேட்டார்;
அடிக்கடி வருவேன் என்றேன்.

தை பிறந்து ஒரு கிழமை.
களங்கண்ணித் தடிகளில் நீர்க்காகங்கள்
சட்டை காயப்போட்டதுபோல் இறக்கை விரித்து
தடிக்கு ஒன்றாக.
ஒரு தடியில் மட்டும் சிவப்புச் சீலைக் கிழிசல்.
கொழும்பிலிருந்து வந்த பிள்ளை
அதையும் பறவையென்று படம் எடுத்தாள்.
ஆலா ஒன்று நீரைக் குத்தி
வெறும் வாயோடு மேலேறியது;
கொஞ்சமும் வெட்கப்படாமல் திரும்பக் குத்தியது.

எழுவைதீவைத் தாண்ட
"ஓங்கில்!"
யூஜினின் விரல் போன இடத்தில்
தண்ணீர் மூடிக்கொண்டிருந்தது.
எல்லோரும் எழும்ப, படகு சரிய,
"இருங்கோ, இருங்கோ, அது திரும்ப வரும்."
வரவில்லை.
நான் கண்டது
ஒரு முதுகு போனபின் மிஞ்சிய வழவழப்பு மட்டும்.
சத்தியமாய் அது எனக்குக் காணும்.

திரும்பும்போது வற்று.
எஞ்சினை நிறுத்திவிட்டுத் தடி ஊன்றினான்.
இரண்டடி. ஒன்றரை. முக்கால்.
அடி தட்டி நின்றோம்.
எதிரே
பூநாரைகள்.

நூற்றுப்பத்துவரை எண்ணினேன்.
பிறகு ஒன்று நடந்து மற்றதற்குள் போய்விட்டது.
அலகைத் தலைகீழாய்ச் சேற்றில் வைத்து
நின்ற இடத்தையே மிதித்து மிதித்து
வட்டம் சுற்றுகின்றன,
பாத்திரம் துலக்குவதுபோல ஒரு சத்தம்.

தாளில் அரை மில்லிமீற்றர்
நிலத்தில் இருபத்தைந்து மீற்றர்.
நான் இழுத்த கோட்டின் தடிப்புக்குள்ளேயே
இத்தனையும் நிற்கின்றன.
இப்பால் கடல், அப்பால் காணி,
நடுவில் என் மை.
அதற்குள் இவ்வளவு சாப்பாடு இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
கடலுக்குப் போகத் தடையிருந்த வருடங்களில்
பழைய தாளின்மேல் புதிய தாளை விரித்து
பழைய கரையையே திரும்ப வரைந்தோம்.
'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில்
கையொப்பம் என்னுடையது.
இந்தச் சேறு அப்போதும் நகர்ந்திருக்கும்.
இவை அப்போதும் வந்து இறங்கியிருக்கும்,
யாரிடமும் அனுமதி எடுக்காமல்.

"அங்கிள், இது என்ன இடம்?"
கொழும்புப் பிள்ளை.
தாளின் இலக்கம் நாக்கு நுனிவரை வந்தது.
"மணியன் திட்டி" என்றான் யூஜின்,
பீடியைப் பற்றவைத்தபடி.
மணியன் ஆர் என்று அவனுக்கும் தெரியாது.
என் தாளில் அந்தப் பெயர் இல்லை.

தூரத்தில் கடற்படைப் படகொன்று.
அதன் அலை எங்களைத் தொடுமுன்
பறவைகளுக்குத் தெரிந்துவிட்டது:
ஓடி, ஓடி, நீரை உதைத்து எழுந்து,
வெள்ளை திறந்து உள்ளே சிவப்பு, விளிம்பில் கறுப்பு.
நூறு யார் தள்ளிப்போய் இறங்கி
விட்ட இடத்திலிருந்து மிதிக்கத் தொடங்கின.

"பெருக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும்.
அவசரமோ ஐயா?"

இல்லை என்று கையசைத்தேன்.
அங்கி திறந்துகொண்டது.