எது என் காலை

பாயான் லெப்பாஸில்
சில்லுகளைச் சோதிப்பது என் வேலை.
ஒரு தட்டில் நூற்றிருபது.
ஊசிமுனை தொட்டதும் திரையில் பச்சை,
இல்லையேல் சிவப்பு.
பதினேழு வருஷத்தில்
எந்தச் சில்லிடமும்
உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டதில்லை.

கிளினிக் தாளில் மூன்று வரிகளுக்குப் பக்கத்தில்
நட்சத்திரம் போட்டிருந்தது.
தைராய்டு பதினொன்று புள்ளி நாலு.
வெறும் வயிற்றுச் சர்க்கரை எட்டு புள்ளி ஒன்பது.
கெட்ட கொழுப்பு நாலு புள்ளி ஆறு.
எனக்கு எண் தெரியும், எல்லை தெரியும்.
எல்லை தாண்டியதைச்
சிவப்புக் கூடையில் போடவும் தெரியும்.
தாளை நாலாய் மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினேன்.

ஏர்கான் அறையில் நான் மட்டும்
இரண்டு சட்டை போட்டது,
சீப்பு நிறைய முடி வந்தது,
ரெலாவ் ஃபிளாட்டில் லிப்ட் கெட்ட நாளில்
மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டது
எல்லாவற்றுக்கும் சோம்பல் என்று பெயர் வைத்தான்
மகன் கவியரசன்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
கழுத்துக்குள் ஒரு சுரப்பி
ஓவர்டைம் பார்க்க மறுத்துவிட்டதை
யார் கண்டது?

மருந்து ஜன்னலில் லிம் சியூ ஹூன்
மலாயில் விளக்கினாள்.
இது காலையில் எழுந்ததும், வெறும் தண்ணீரோடு.
பசியாற அரைமணி பொறுக்கணும்.
இது சாப்பாட்டோடு, இரண்டு வேளை.
இது இரவில்.

எது என் காலை என்று கேட்டேன்.
ஏழரைக்கு கம்பெனி பஸ் இறக்கிவிடுகிறது.
மூன்றரைக்கு எழுகிறேன்.
மதியச் சாப்பாடு நடுச்சாமத்தில்.

அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.
உறைகளில் அச்சடித்த காலையையும் இரவையும்
பேனாவால் அடித்துவிட்டு எழுதினாள்:
எழுந்ததும். சாப்பிடும்போது. படுக்கும் முன்.
சூரியனைக் கேட்காமலே
எனக்கொரு நாள் உண்டாயிற்று.

பாகற்காய்ச் சாறு போதும், மாத்திரை வேண்டாம்
என்றாள் பக்கத்து மெஷின் புஷ்பராணி.
அவள் அண்ணன் வலது காலில்
இரண்டு விரல் இல்லை.
அவரும் சாறுதான் குடித்தார்.
நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் பிறகு
அதைப் பற்றிப் பேசவில்லை.

ஷிப்ட் முடிந்து ஒட்டுக்கடையில்
கோசோங் என்று சொல்ல வெட்கமாயிருந்தது,
கையில் காசில்லாதவள் கேட்பது போல.
நாலாம் நாள் கடைக்கார ரஹ்மத்துல்லா
குரலைத் தாழ்த்தினார்: எவ்வளவு?
சொன்னேன்.
எனக்குப் பன்னிரண்டு, என்றார்,
அடுத்தவர் தேநீருக்கு
டின்பாலை ஊற்றிக்கொண்டே.

மூன்று மாதம். நடுவில் தீபாவளி.
மறுபடி ரத்தம், மறுபடி தாள்.
தைராய்டு இறங்கிவிட்டது, எல்லைக்கு ஒரு முடி மேலே.
கொழுப்பும் அதன் பின்னால் பாதி வழி வந்திருக்கிறது.
சர்க்கரை மட்டும்
விருந்துக்கு வந்த சித்தப்பா மாதிரி
கிளம்பவே இல்லை.
மாத்திரையைக் கூட்டினார்கள்.
முறுக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
நானாகவே ஒப்புக்கொண்டேன்.

நேற்று ஒரு சில்லு மூன்று முறையும் சிவப்பு.
விதிப்படி அவ்வளவுதான்.
சூப்பர்வைசர் திரும்பி நின்றபோது
நாலாம் தடவையும் ஊசியடியில் வைத்தேன்.
சிவப்புதான்.
கூடையில் போட மட்டும்
கொஞ்சம் நேரமாயிற்று.