எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

விடிகாலை நாலு பத்துக்குப் போன் அடிக்கிறது.
"உங்கள் மத்தி டப்பாவில் கண்ணாடித் துண்டு.
ஒரு குழந்தையின் உதடு கிழிந்திருக்கிறது.
கம்பெனி என்ன சொல்கிறது, யகோதா?"
நிருபர் மாதிரி மிரட்டுகிறான் இக்னாசி,
நடுவில் ஒரு கொட்டாவி.
பயிற்சிதான் இது. டப்பாவும் இல்லை, குழந்தையும் இல்லை.
ஆனாலும் வயிற்றில் புளி கரைகிறது.

நாற்பது நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே கிடினியா துறைமுகத்தின்
கிரேன்கள் பனியில் பாதி பாதியாக நிற்கின்றன.
போர்வைக்குள் லேப்டாப்பைத் திறந்து
முதல் வரியை எழுதினேன்: தவறு எங்களுடையது.
அழித்தேன்.
மூன்றாம் ஆண்டில் அதைத்தான் படிக்கிறோம்.
வருத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் தெரிவிக்கலாம்,
வக்கீல் ஒன்றும் சொல்ல மாட்டார்.
மன்னிப்புக்குத்தான் விலை.

ஆகவே எழுவாயைத் தூக்கினேன்.
துண்டு காணப்பட்டது.
டப்பாக்கள் திரும்பப் பெறப்படுகின்றன.
விசாரணை மேற்கொள்ளப்பட்டுள்ளது.
'யார்' என்ற கேள்வி
உட்கார இடம் தேடி அறை முழுக்க அலைந்தது.
ஒரு நாற்காலியும் நான் போட்டு வைக்கவில்லை.

ஐந்துக்கு நாலரை வந்தது.
அரை மதிப்பெண் போனது
'குழந்தை' என்ற சொல் இரண்டு முறை வந்ததால்.

இன்னும் என்னென்னவோ செய்தேன் அந்தக் குளிர்காலத்தில்.
மினரல் வாட்டருக்கு அறுபது வாசகம்,
ஐம்பத்தொன்பது குப்பைக்கூடைக்கு.
சந்தைக் கூடத்தில் மீன் விற்கும் போரிஸிடம்
படிவத்தை நீட்டி,
"உங்கள் இலக்கு வாடிக்கையாளர் யார்?" என்றேன்.
"பசிக்கிறவன்," என்றான்.
"நீ வாங்கப் போறியா, இல்ல வழிய விடுறியா?"

பிப்ரவரியில் கதான்ஸ்க்கில் ஒரு நேர்காணல்.
ஆறு மாத வேலைப் பயிற்சி, ஓர் இடம், நூற்று நாற்பது பேர்.
ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
ஹல்ஷ்கா இரவு வேலையில் இருந்தாள்.
ஆஸ்பத்திரிக்கு டிராலிபஸ்ஸில் போயிருந்தாள், தரை வழுக்குகிறதென்று.
அவளுடைய பச்சை சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது.

உங்கள் பெரிய பலவீனம் எது என்று கேட்டார்கள்.
எதிலும் முழுமையை எதிர்பார்ப்பது என்றேன்.
திரும்பி வந்து ஸ்டேஷன் வாசலில் பார்த்தால்
பனியில் சக்கரத் தடம் மட்டும் இருக்கிறது.
பூட்டு என் பைக்குள், சாவியோடு.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டக் குறிப்பு எழுதினேன்.
சைக்கிள் தொடர்பாக ஒரு நிகழ்வு நடந்துள்ளது.
கிழித்தேன்.
சைக்கிளின் தற்போதைய இருப்பிடம் உறுதி செய்யப்படவில்லை.
கிழித்தேன்.
உன் பயணம் எங்களுக்கு முக்கியம்.
எங்களுக்கா?
சமையலறையில் நானும் ஃபிரிட்ஜும்தான் இருந்தோம்.

என்ன கையெழுத்து எனக்கு!
ஒரு திருத்தம்கூட இல்லாமல் வருகிறது பொய்.

எங்கள் போலிஷ் மொழியில் 'நான்' என்று சொல்லவே வேண்டாம்.
தொலைத்தேன் என்றால் போதும்,
வினையின் வாலில் ஆள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்,
அது ஒரு பெண் என்பதும் சேர்ந்தே வந்துவிடும்.
ஒளிய வேண்டுமானால் வாலை நறுக்க வேண்டும்.
அதற்குத்தான் மூன்று வருடம் பீஸ் கட்டினேன் போலிருக்கிறது.

ஆறரைக்குக் கதவில் சாவி திரும்பியது.
பூட்ஸில் பனி, கண்ணடியில் கறுப்பு,
ஒரு கையில் ரொட்டி.
"கேக்காம எடுத்தேன். பூட்டல. தொலைச்சுட்டேன்," என்றேன்.

அவள் பூட்ஸைக் கழற்றினாள்.
ஒன்று. பிறகு மற்றொன்று.
இந்த இடத்தில் நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"நானூறு ஸ்வாட்டி," என்றாள் கடைசியில்.
"மணிக்குத் தனியா முப்பது. அது நல்ல மணி."

என்னிடம் இருநூற்றுப் பத்து இருந்தது.
மீதிக்கு எழுதிக் கொடு என்றாள்.
நாலரை வாங்கிய அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதினேன்.
ரொட்டியை வெட்டிக்கொண்டே வாசித்தவள்
தேதி போடவில்லை என்று திருப்பித் தந்தாள்.