அறுபதோ எழுபதோ

அங்கோனாவில், கொரால்லோ தியேட்டரில்
புதன்கிழமை டிக்கெட் பாதி விலை.
மூன்றாம் வரிசை. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.
எனக்கு அவர் வாய் தெரிய வேண்டும்.

ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சல் வந்து
காதுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது.
பதிலுக்கு
ஊரார் உதடுகளை என்னிடம் விட்டுப்போனது.

தர்சீசியோ பெல்லாந்தி.
சுவரொட்டியில் நான்காவது பெயர்,
சில சமயம் ஆறாவது.
மருந்துக்கடைக்காரர், திவாலான மைத்துனர்,
ஒரே ஒரு தடவை பிஷப்.
தொப்பியைக் கழற்றியதும் ஒரு கணம்
அதன் உள்ளே பார்ப்பார்,
எதையோ வைத்துவிட்டு மறந்தவர்போல.
எந்த இயக்குநரும் அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்.
பிஷப்பின் தொப்பிக்குள்ளும் பார்த்தார்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசியது
யாருக்கும் வேண்டாம்.
குரலைப் பிறகு ரோமில்
ஓர் இருட்டறையில் ஒட்டிக்கொள்வார்கள்.
உதட்டுக்கும் ஒலிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.
எனக்கு அது தெரியாது.
ஒரு சண்டைக் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தபோது
என் தங்கை நெரீனா இடுப்பில் கிள்ளினாள்:
கொன்றுவிடுவேன் என்கிறான், உனக்கென்ன சிரிப்பு?

இல்லை, நெரீனா.
என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார்.
மிக மரியாதையாக.

அப்புறம் அந்தத் துறைமுகப் படம்.
மனைவி கப்பலேறுகிறாள்,
இவர் கையில் அவள் பெட்டி, கொடுக்க மறந்துவிட்டது.
தியேட்டரே அழுதது.
என்ன சொன்னார் என்று
நெரீனா பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் காட்டினாள்:
"போ. கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்."

அவர் சொன்னது அதுவல்ல.
நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று.
வசனம் இன்னும் எழுதி முடியவில்லைபோல,
சும்மா எண்ணிக்கொண்டிருங்கள் என்றிருப்பார்கள்.
ஐம்பத்திரண்டு.
எச்சில் விழுங்குகிறார்.
ஐம்பத்து நான்கு.

ஐம்பத்து மூன்று எங்கே போனது?

இருநூறு பேர் அந்தக் கதவுக்காக அழுதபோது
நான் ஒருத்தி
அந்த எண்ணுக்காக அழுதேன்.
நெரீனாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அவளுடைய கதவு சாத்திக்கொள்ளும்.

அடுத்து அவளைக் காட்டுகிறார்கள், கைக்குட்டை, கடல், ஒரு பறவை.
திரும்ப அவர் முகம் வரும்போது எண் எங்கேயோ போயிருக்கிறது.
அறுபத்தாறா, எழுபத்தாறா?
இத்தாலிய உதடுகளில் அவை இரட்டைப் பிள்ளைகள்,
பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.
அறுபத்தாறு என்றால் அவள் இப்போதுதான் போனாள்.
எழுபத்தாறு என்றால்
அவர் வெகுநேரமாக அங்கே நிற்கிறார்.

சட்டைத் தொழிற்சாலையில் எனக்குப் பொத்தான் எண்ணும் வேலை,
பன்னிரண்டு பன்னிரண்டாக, பொட்டலம் போட்டு.
ஒரு நாளும் பிசகியதில்லை.
நேவியோ தன் இரண்டு பெட்டிகளோடு
மாடிப்படி இறங்கியபோது ஏதோ சொல்லிக்கொண்டே போனான்.
முதுகில் படிக்க ஒன்றுமில்லை.
படிகளை எண்ணினேன்.
பதினெட்டுப் படி இருக்கும் எங்கள் வீட்டில்.
அன்றைக்குப் பதினேழுதான் இருந்தது.

இப்போதெல்லாம் நேரடி ஒலி.
பெல்லாந்தி கிழவராகிவிட்டார், பரிசுகூடக் கொடுத்தார்கள்.
உதடும் சொல்லும் புதுத் தம்பதிபோல் கைகோத்து வருகின்றன.
குறை சொல்ல முடியாது.
ஆனால் எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார்,
சொன்னதோடு முடிந்துவிடுகிறது.
தொப்பிக்குள் மட்டும் இன்னும் பார்க்கிறார்.

நேற்று இரவு தொலைக்காட்சியில் துறைமுகப் படம்.
கீழே எழுத்து ஓடும், என்னைப் போன்றவர்களுக்காகவாம்.
இஸ்திரி போட்டு மடித்த தலையணை உறையை எடுத்து
அந்த எழுத்தை மறைத்துச் செருகினேன்.

பெட்டியைப் பிடித்த கை.
ஐம்பத்திரண்டு.
ஐம்பத்து நான்கு.
பறவை.

திரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன்,
கண்ணாடியில் என் மூச்சு படிகிறது.