கை வைத்துப் பார்க்கிறவன்

ருஸ்தாவி மைதானத்தில் ஞாயிறு விடியுமுன்பே
நெற்றிக் கண்ணாடியில் விலை எழுதிக்கொண்டு
வரிசையாய் நிற்கும் கார்கள்.
வாங்க வந்தவனுக்காகப் பார்த்துச் சொல்வது என் வேலை.
கூலி இருபது லாரி.
லாரி என்றால் ஜார்ஜியாவில் பணம்,
வண்டியென்று எண்ணி யாரும் ஏறிவிட வேண்டாம்.

முதலில் பானெட்டில் கை வைப்பேன்.
சுட்டால் நகர்ந்துவிடுவேன்.
நாம் வருமுன்னே எழுப்பி, இருமவிட்டு,
புகையெல்லாம் கக்கவைத்து
நல்ல பிள்ளையாய் நிறுத்தியிருக்கிறார்கள்.
இங்கே தொட்டுப் பார்க்காதவன்
வீட்டுக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொள்வான்.

சட்டைப்பையில் ஒரு காந்தம்,
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கழற்றியது, தக்காளி வடிவம்.
தகரமென்றால் ஒட்டும்.
பூசி மெழுகிய இடத்தில் வழுக்கி
என் பூட்ஸ்மேல் விழும்.
விற்கிறவன் வானத்தைப் பார்ப்பான்.

மீட்டர் எண்பதாயிரம் என்னும்.
பிரேக் மிதியின் ரப்பர்
மழமழவென்று வேறொரு கணக்கு ஒப்பிக்கும்.
நான் மிதியின் கட்சி.

வாசனை அட்டை மூன்று தொங்கினால்
கம்பளத்தைத் தூக்கு.
இருக்கைத் திருகாணி இடுக்கில் வண்டல்.
கடலுக்கு அப்பால் எந்த ஊர் வெள்ளத்திலோ
கழுத்தளவு நின்ற வண்டி அது.
மேலே காய்ந்திருக்கும்,
ஒயர்களுக்குள் இன்னும் மழைக்காலம்.

"எது நல்லது ஜெமால், ஒரே பேச்சில் சொல்."
பழைய கொரோலா,
யாரும் திரும்பிப் பார்க்காது, தானும் யாரையும் பார்க்காது.
டீசல் டெலிகா,
ஸ்வானேத்தி மலையைக் கேட்டுப்பார், சாட்சி சொல்லும்.
காற்றுப்பை மேல் உட்காரும்
பெரிய மனுஷர் வண்டி மட்டும் வேண்டாம்.
இரவு நின்றபடி விட்டுப் போவாய்,
காலையில் நாய்போல் படுத்திருக்கும்.
அதை எழுப்ப இன்னொரு கார் வாங்கும் பணம்.

ஏழு வருடம் முன்பு மெஸ்தியாவிலிருந்து
மக்வாலா என்ற நர்ஸ் வந்தாள்.
பச்சை ஓப்பல் மேல் கண்.
எண்ணெய் மூடியைத் திருகிக் காட்டினேன்,
உள்ளே மோர்போல நுரை.
"தண்ணீரும் எண்ணெயும் உறவாடுகின்றன, வேண்டாம்.
அந்த வெள்ளைக் கொரோலாவை எடு."
கடைசிவரை கேட்டாள், கூலி கொடுத்தாள்,
பச்சையை ஓட்டிக்கொண்டு போனாள்.

கொரோலாவை என் சொல் நம்பி அவ்தாந்தில் வாங்கினான்.
மூன்று வருடம் எண்ணெயே மாற்றவில்லை.
இப்போது மைதானத்தின் பின்னால்
சக்கரமில்லாமல் செங்கல்மேல் இருக்கிறது.
நல்ல வண்டி. இன்றும் அதையேதான் சொல்வேன்.

இந்த ஞாயிறு பச்சை ஓப்பல் விற்பனைக்கு வந்தது,
ஸ்டீரிங்கில் அதே மக்வாலா, முன்பல் ஒன்று குறைந்து.
"நீ சொன்னது சரி.
முதல் குளிரிலேயே எஞ்சின் தலையைத் திறந்தோம்.
பிறகு இன்னொரு தடவை."
மீட்டரில் மூன்று லட்சம், யாரும் திருப்பாதது.
பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டியின் சதுரத் தழும்பு.
கணவாயில் பனி மூடிய ஓர் இரவு
அதற்குள் ஒரு பிரசவம் நடந்ததாம்.
"பெண். மூன்றரைக் கிலோ," என்றாள்,
அதுவும் வண்டியின் தகுதிபோல.

அந்த நேரம் பார்த்து தோர்னிகே என்றொரு பையன்
என் கையில் இருபது லாரியைத் திணித்தான்.
"இந்தப் பச்சையைப் பார்த்துச் சொல்லுங்கள்."

பானெட்டில் கை வைத்தேன்.
சுட்டது. சுடாதா,
இரவெல்லாம் மலை இறங்கி வந்தது.
நகரத் தோன்றாமல் கையை அங்கேயே வைத்திருந்தேன்.
மூடியைத் திருகினேன். மறுபடியும் மோர்.

"வேண்டாம்," என்றேன் பையனிடம்.

அவன் போய்விட்டான்.
மக்வாலா என்னைப் பார்த்த பார்வைக்கு
ருஸ்தாவியில் விலை கிடையாது.
இருபது லாரியை டீசலுக்கென்று நீட்டினேன்.
நோட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்து
வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் சாவித் திருப்பலில் எழுந்தது.
வடமேற்கே போனது,
பின்விளக்கு ஒன்று எரியாமல்.
அதை நான் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும்.