கடைமடைக் கணக்கு

தலைஞாயிறு, இரவு இரண்டு மணி.
பேட்டரி பன்னிரண்டு வோல்ட்,
ரிலேச் சுருள் நானூறு ஓம்.
முப்பது மில்லி ஆம்பியர் போதும்
மோட்டார் எழுந்துகொள்ள.

பேஸில் பத்து கிலோ ஓம்.
புள்ளி ஏழு போக
ஒன்று புள்ளி ஒன்று மூன்று.
நூறு மடங்காம், தாள் சொல்கிறது;
நூற்றுப் பதின்மூன்று எங்கே?

மீட்டர் முப்பதைத் தாண்டவில்லை.
'கலெக்டர் தரலையா?' என்கிறார் ஜெபமாலை.
அவருக்குத் தெரிந்த கலெக்டர்
நாகப்பட்டினத்தில் மனு வாங்குபவர்.

வரப்பில் குந்தி
மறுபடி போட்டுப் பார்த்தேன்.
மேட்டூரில் எவ்வளவு திறந்தாலென்ன,
இந்த வாய்க்கால்
தன் அகலத்துக்குத்தானே தரும்.
அகலம் இங்கே
நானூறு ஓம்.

எமிட்டர் வழியாக
இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன,
கேட்டதும் கிடைத்ததும்.

பழுதில்லை ஜெபமாலை,
டார்ச்சை அணையுங்கள்.
பூச்சி மொய்க்கிறது.